ஆட்டுக்கல் ஏற்றிய பலகை

குமரேசன் தொப்பையைக் குறைக்கக் கிளம்பியதில் எங்கள் தெருவுக்குத்தான் பேஜார். பட்டுக்கடையில் உட்கார்ந்தே பெருத்த உடம்பு. பாரம் ஏற்றிய பலகையை இழுத்தால் தொடை இரும்பாகும் என்று, ஆரணியில் புதிதாகத் திறந்த ஜிம்மில் சொல்லிவிட்டார்களாம். கிரைண்டர் வந்தபின் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைப் பலகையில் ஏற்றி, கயிற்றை இடுப்பில் கட்டி, விடிந்ததும் தெருவை உழ ஆரம்பித்தான். அந்த நேரத்தில்தான் நெசவுக்காரர்களான நாங்கள் சேலையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம்; தொய்யாமல் விறைப்பாக நின்றால்தான் கஞ்சி சீராகப் பிடிக்கும். “அந்தாண்ட போய் இழுடா” என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது.

ஒருநாள் என் பாவைக் கட்டியிருந்த முளை பிடுங்கிக்கொண்டது. குமரேசன் பலகையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். வேறு முளை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று பாவின் நுனியை அந்தப் பலகையில் கட்டினேன். நான் முளையோடு திரும்புவதற்குள் அவன் வந்து, பின்னால் பார்க்காமல் கயிற்றை மாட்டிக்கொண்டு இழுக்கத் தொடங்கிவிட்டான்.

கெட்டது குடி என்று ஓடினேன். பாவோ வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு விறைப்பை நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு, என் மனைவி பூங்காவனத்துக்குக் கஞ்சி போடும்படி சைகை காட்டினேன். நாங்கள் கஞ்சி போட்டு முடிக்கும்வரை அவன் முக்கிக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்க நின்று அவன் திரும்பியபோது, பாவின் நுனி புது முளைக்கு மாறியிருந்தது.

“இன்னாண்ணே, இன்னிக்கு ஒரு அடிகூட நகரலியே?”

“நாளைக்கும் நகராது. ஜல்தியா வந்துடு.”