மாடி அறை விசில்

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. அப்பா விட்டுப்போன பழைய வீட்டில் தனியாக இருந்தாள். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு காசைக் கரியாக்கினாலும் வீடு சூடேறாது. மூட்டுவலிக்காரத் தம்பி அந்த மாதங்களில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "இந்தக் குளிரை ஒரு கை பாத்துடறேன்" என்று, வீட்டுக்குள் காற்று புகும் சந்துகளை அடைக்கும் மேஸ்திரியை அழைத்துவிட்டாள்.

மேஸ்திரி வாசலில், உள்காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறியைப் பொருத்தி ஓடவிட்டு, புகை விடும் குழாயை ஏந்திச் சுவர் சுவராக நடந்தார். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே சந்து. மாடி அறை ஜன்னலுக்கு மேலே புகை கிறுகிறுவென்று சுழன்றது. கூடவே மெல்லிய விசில்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா இறந்த வருடம் தொடங்கிய விசில் அது. அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அம்மா இல்லாமல் மாடி அறையில் தூங்கவே இருவரும் பயந்தார்கள். அப்போதுதான் ஒரு ராத்திரி விசில் கேட்டது. "நம்ம வீட்டுக்கு ஒரு கண்டக்டர் வந்திருக்கார். விசில் அடிச்சா வண்டி கிளம்பிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் அப்பா. அன்றிலிருந்து கட்டில்தான் பஸ். விசில் கேட்டதும் "ரைட், ரைட்!" என்று கத்திவிட்டுப் போர்வைக்குள் புகுவார்கள். எந்த ஊர் வந்தது என்று தெரியாமலே தூங்கிப்போவார்கள்.

மேஸ்திரி ஏணியில் ஏறி, சட்டத்தைப் பெயர்த்து, விரல் நீளப் பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது தானா விழுந்த ஓட்டை இல்லம்மா. யாரோ துளை போட்டு, சத்தம் வர்ற மாதிரி குழாயைச் சீவி சொருகியிருக்காங்க. நல்ல கை!"

அப்பா கடிகாரம் பழுது பார்த்தவர். சாகும்வரை இதைப் பற்றி மூச்சு விடவில்லை மனிதர்.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"லைன்ல இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா." மூக்கை உறிஞ்சினான். "எமகாதகர்."

"அடைக்கவா, வேணாமா? மனுஷன் ஏணியிலயே நிக்கிறாரு."

"அடைச்சிடுக்கா. நாம வளந்துட்டோம்."

"யாரு, நீயா?"

சிரித்துவிட்டான்.

துளை அடைபட்டது. கூரைக்கடியில் பஞ்சுப் பாய் விரித்தார்கள், ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி வந்தது. வீடு கதகதப்பாகிவிட்டது. ஆனாலும் அந்த விசில் இல்லாமல் இரண்டு நாள் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் வாரம் தம்பி வந்தான், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராக. அரை மணியில் எல்லாம் நாற்காலிக்குப் போயின. "என்னக்கா, வேர்க்குது!"

மூன்று நாள் என்று வந்தவன் குளிர் முடியும்வரை இருந்தான். பேச்செல்லாம் அப்பாவைப் பற்றித்தான், அதில் பாதி சண்டை. டீக்கு அவர் எத்தனை கரண்டி சர்க்கரை போடுவார் என்பதுகூட இன்னும் தீர்ந்தபாடில்லை.