குருத்தில் ஒரு கோடு

தகரக் கூரைமேல் டமாரென்று ஏதோ விழுந்தது. தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு டெஸ்லி தோட்டத்துக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக் கிளாரியின் ராஜபனை கழற்றிவிட்ட மட்டை கூரையில் சறுக்கி வந்து, அவளுடைய செவ்விலைப் பனைக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

ஆஸ்திரேலியாவின் இன்னிஸ்ஃபெயில் ஊரில் அந்தப் பனை அவளிடம் மட்டும்தான் உண்டு. நியூ கலிடோனியா விதை. இத்தனை வருஷமும் பச்சை இலையாகவே தள்ளிய மரம், முதல்முறையாகச் சிவப்பு ஓடிய குருத்து விட்டிருந்தது. விரிந்தால் இலை சில நாள் மட்டும் நெருப்பாய் நிற்கும். பிறகு அதுவும் பச்சைதான். அதைப் பார்க்கத்தான் ஞாயிறன்று பனை வளர்ப்போர் சங்கமே திரண்டு வருகிறது.

மட்டை மரத்தைத் தொடவில்லை. ஆனாலும் டெஸ்லியின் கண் குருத்துக்கே போனது. சங்கத்தார் எல்லாரும் செய்வதுபோல அவளும் குருத்தையும் பக்கத்துக் காம்பையும் சேர்த்து, குறுக்கே ஒரே கோடாக மையால் இழுத்திருந்தாள். குருத்து வளர்ந்தால் அதிலுள்ள பாதிக் கோடு மேலே ஏறிவிடும். போட்ட நாளிலிருந்து கோடு இம்மியும் பிசகாமல் நேராகவே நிற்கிறது.

"என் மட்டை உன் மரத்துல விழலையே?" வேலிக்கு அப்பாலிருந்து கிளாரி கேட்டார்.

"விழுந்திருந்தா உன் தலையில கொண்டாந்து போட்டிருப்பேன். இங்க வந்து பாரு, இது வளரவே இல்ல."

கிளாரி வந்து அண்ணாந்து பார்த்தார். "நெடுநெடுன்னு வளந்த மாதிரிதானே இருக்கு, டெஸ்?"

"கண்ணு ஏமாத்தும். கோடு ஏமாத்தாது."

"அப்ப உள்ள அழுகியிருக்கும். இழுத்துப் பாத்துடலாம். கையோட வந்தா போச்சு."

"வரலேன்னா?"

"மரம் பொழைச்சுக்கும். இந்த இலை கிழிஞ்சுதான் விரியும். கவலைப்படாத, ஞாயித்துக்கிழமை எல்லாரையும் என் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"உன் தோட்டத்தைப் பாத்துப் பாத்து அவங்களுக்குக் கொட்டாவியே வந்தாச்சு."

கேலியாகச் சொன்னாளே தவிர, அழுகல் அடிமரத்துக்கு இறங்கினால் மரமே போய்விடும் என்ற பயம் அவளுக்கு. டெஸ்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, இழு" என்றாள். கிளாரி இரண்டு கையாலும் குருத்தைப் பற்றினார்.

சமையலறையிலிருந்து அவள் கணவர் மெர்வின் கையைத் துடைத்தபடி வந்தார். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"கோடு நகரவே இல்ல, மெர்வ்."

"எப்படி நகரும்? தெனம் காலையில கோணிப் போயிடுது. நான்தான் குருத்துல இருக்கிறதை அழிச்சு, நேரா போட்டு வைக்கிறேன்."