முட்டி வலிக்கு எத்தனை வயது

1

இந்தக் கதை ஒரு மேல்முறையீட்டுக் கடிதமாகப் பிறந்தது. எழுதச் சொன்னவள் அக்கா. "நீதான் கத எழுதுறவனாச்சே, ஒரு லெட்டர் எழுத மாட்டியா?" என்றாள். என் எழுத்துக்குக் குடும்பத்தில் கிடைத்த முதல் மரியாதை. இப்படித் தொடங்கினேன்:

மதிப்பிற்குரிய ஐயா, என் தமக்கை தையல் தொழில் செய்பவர். இருபது ஆண்டுகளாகக் கால்மிதி இயந்திரத்தில்

(நிறுத்திவிட்டேன். இருபது ஆண்டு மிதித்தவளுக்கு முட்டி எப்போது வலித்திருக்கும் என்று ஐயா யோசிப்பார். ஐயா யோசிக்கக் கூடாது.)

2

நடந்தது இதுதான். வலது முட்டியை மாற்றும் அறுவைக்காக அக்காவை மருத்துவமனையில் சேர்த்தோம். எவ்வளவு நாளாக வலி என்று பணி மருத்துவர் கேட்டார். "அது ஆச்சு டாக்டர், பத்து வருஷம்," என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அக்காவுக்கு எல்லாமே பத்து வருஷம்தான். தெருவிளக்கு எரிந்து பத்து வருஷம். நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பத்து வருஷம். (போன ஞாயிறு போயிருந்தேன்.)

காப்பீடு எடுத்து நான்கு ஆண்டுகள். நிறுவனம் பத்திலிருந்து நான்கைக் கழித்தது. ஆறு ஆண்டு வலியை மறைத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள், பணம் கிடையாது என்று கடிதம் வந்தது. மறுப்புச் சொல்லப் பதினைந்து நாள்.

குடும்பத்தில் புனைவு எழுதுபவன் நான். தண்டனை அவளுக்கு.

இடது முட்டிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் வலது முட்டிக்குக் கட்டியிருந்தாள். நிறுவனம் தந்தால் இடதுக்கும் அறுவை. தராவிட்டால் ஒரு கால் புதிது, ஒரு கால் பழையது. இயந்திரத்தை மிதிக்க இரண்டும் வேண்டும்.

3

(இது அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டும்.) மருத்துவமனை ரசீது பதினொரு பக்கம். கையுறை மட்டும் நாற்பத்திரண்டு ஜோடி. கையுறைக்குக் காப்பீடு இல்லையாம். வெறுங்கையால் வெட்டியிருக்க வேண்டும் போல. பாலிசி முப்பத்தெட்டுப் பக்கம். 'மருத்துவமனை' என்றால் என்ன என்று அரைப்பக்கம் விளக்குகிறது. 'வலி' என்றால் என்ன என்று எங்கும் இல்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காவின் ஒரு வாக்கியத்தை அவர்கள் படித்த கவனத்தோடு என் ஒரு வரியைக்கூட யாரும் படித்ததில்லை.

4

பாலிசியை விற்ற ஏஜென்டுக்கு எங்கள் வீட்டில் 'ஒரு நிமிஷம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டு அரை நாள் காணாமல் போவார். இந்த முறை உடனே யோசனை சொன்னார்.

"ஒண்ணு பக்கத்துல சைபர் தெரியாம விழுந்துடுச்சுன்னு எழுதுங்க சார். டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது."

விண்ணப்பத்தில் நோய் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று இருந்ததே, அக்காவைக் கேட்டுத்தான் போட்டீர்களா என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுவேன். அப்பதான் சீக்கிரம் பாஸ் ஆகும்."

(இவரை வில்லனாக்க முயன்றேன். எங்கள் மூவரில் கூச்சமில்லாமல் எழுதுபவர் இவர் ஒருவர்தான் என்று விட்டுவிட்டேன்.)

5

பாத்திரம் சொல்வதை எழுதுகிறவன் அப்படியே நம்பக் கூடாது. அக்காவிடம் போனேன். சீருடைக் கால்சட்டை ஒன்றுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். நிஜமாக எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"வலிக்கும்போது தேதி குறிச்சு வைப்பாங்களாடா?"

ஊசியில் நூல் கோத்தாள். பிறகு சொன்னாள்:

"உன் பொண்ணு ஸ்கூல்ல சேர்ந்தப்ப யூனிஃபார்ம் தச்சேன்ல. அன்னிக்குத்தான் மொத தடவையா செவுத்தப் புடிச்சு எந்திரிச்சேன்."

என் மகள் பள்ளியில் சேர்ந்து எட்டு ஆண்டுகள். அந்தச் சீருடைக்கு அக்கா கூலி வாங்கவில்லை.

(இந்தப் பகுதியை வெட்டினால் கதை கெடும். வைத்தால் கோரிக்கை கெடும்.)

6

முடிவுகள்:

ஒரு வருடம் என்று எழுதுகிறேன். பணம் வருகிறது. இடது முட்டியும் புதிதாகிறது. பொய், ஆனால் நன்றாகச் செய்யப்பட்ட பொய்.

எட்டு என்று எழுதுகிறேன். தங்கள் நேர்மைக்கு நன்றி தெரிவித்து நிறுவனம் மறுபடி மறுக்கிறது.

வழக்குப் போடுகிறோம். அக்கா ஜெயிக்கிறாள். பத்து வருஷம் ஆகிறது. இந்தப் பத்தில் மிகையே இல்லை.

7

நாளை கடைசி நாள். இன்று வலது முட்டியைக் காட்டப் போயிருந்தோம். இடதையும் பார்த்துவிடலாம் என்று அதே பணி மருத்துவர் புதிய தாள் ஒன்றை எடுத்தார். இந்தத் தாளையும் நிறுவனம் படிக்கும்.

"இது எவ்வளவு நாளா வலிக்குதும்மா?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவன கேளுங்க டாக்டர். அவன்தான் எழுதுறவன்."

மருத்துவர் பேனாவோடு என்னைப் பார்க்கிறார். என் சட்டைப்பையில் கடிதம் இருக்கிறது, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு. பாலிசியை யாரும் கடைசிவரை படிப்பதில்லை, இதைப் படித்துவிட்டீர்கள். நீங்கள் ஒரு எண் சொன்னால் எழுதிக்கொள்கிறேன், இரண்டு தாளிலும்.

சீக்கிரம் சொல்லுங்கள். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்று அக்கா நின்றுகொண்டே இருக்கிறாள்.