குவைத்து மெஷின்

தோப்பு விலைபோய்விட்டது. பத்திரம் முடிவதற்குள் தோப்புக் கடைசியில் இருந்த கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். அப்துல் வஹாபின் பழைய கம்ப்யூட்டர்கள் அங்கேதான் கிடந்தன. இனி அவர் இருக்கப்போவது திருச்சியில், மகள் ஹஃப்ஸாவின் ஃபிளாட்டில். வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒன்று வைக்கத்தான் இடம் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். மீதி பட்டுக்கோட்டை இரும்புக் கடைக்குப் போகும்.

சின்ன வயதில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர் அவர். குவைத்தில் ஒரு எலெக்ட்ரானிக் கடைக் குடோனிலும் அதே வேலைதான். ஆபீஸ்களில் கழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்து ஊருக்கு அனுப்பினார். மனைவி ஹபீபுன்னிசா இருந்தவரை திட்டிக்கொண்டே துடைத்து வைத்தாள்.

எதை எடுத்துப் போவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பட்டனிலும் அரபி எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் பதித்த சின்னக் கம்ப்யூட்டர் மெஷின். ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் வந்தபோது துணிமணியைப் போட்டுவிட்டு அதை மட்டும் ஜோர்டான் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஹபீபுன்னிசா இறந்த பிறகு சாயங்காலம் கொட்டகைக்குப் போய் அதைப் பழைய டிவியில் சொருகித் தட்டிக்கொண்டிருப்பார். தட்டினால் எழுத்து வந்தது. வீட்டில் பேச ஆளில்லாத மனுஷனுக்கு அது போதுமாக இருந்தது. முழங்கால் போன பிறகு கொட்டகைக்குப் போவதும் நின்றது.

கொட்டகையின் முன்பாதியில் துரைராசு நெல் மூட்டை அடுக்கியிருப்பார். பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர். வஹாபை எட்டிப் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரே ஆள். நெல்லில் வண்டு விழாமலிருக்க மாத்திரை வைப்பார். அந்தப் புகைக்கு எலியும் சாகும். வஹாப் பாயின் கம்ப்யூட்டர் வயரை எலி கடிக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, ஒவ்வொரு அறுப்புக்கும் கம்ப்யூட்டர்கள் கிடந்த பின்பாதியிலும் மாத்திரை வைத்துவந்தார்.

கிளம்புமுன் வஹாப் மெஷினைப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. கொட்டகையில் இருந்த எதுவும் வரவில்லை. டிவி ரிப்பேர்காரன் வேம்புவைக் கூப்பிட்டார். அவன் கழற்றினான். உள்ளே செம்பெல்லாம் விறகடுப்புச் சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது.

"இங்க நெல்லு மாத்திரை வச்சாங்களா பாய்?"

"ஆமா."

"அந்தப் புகை செம்பைத் தின்னுடும். ஒண்ணும் தேறாது."

வீட்டுக்குள் மகன் சுஹைப் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கொட்டகைப் பக்கமே போகாதது. போட்டவுடன் வந்தது. பிள்ளைகள் விளையாடும், அதையே கொண்டுவாருங்கள் என்றாள் ஹஃப்ஸா. கனடாவிலிருந்து பேசிய சுஹைப், எல்லாமே குப்பைதான் அத்தா என்றான். செத்த சுமையைத் தூக்கிப் பழக்கமில்லாதவர் வஹாப். ஓடுவதையே துணியில் சுற்றிக் கட்டினார்.

வண்டியோடு வந்த துரைராசு துணி மூட்டையின் அளவைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன பாய், குவைத்து மெஷினை விட்டுட்டுப் போறீங்க? புதுப் பொண்டாட்டி கணக்கா மடியில வச்சுக் கொண்டாந்ததாச்சே."

வஹாப் மூட்டையின் முடிச்சை இறுக்கினார்.

"ஓடலையா?" துரைராசின் குரல் இறங்கியது. "எலி பூந்துடுச்சா? நான் ஒரு அறுப்பு விடாம மாத்திரை வச்சேனே பாய்."

தன் மாடு வஹாபின் தென்னங்கன்று இரண்டைக் கடித்துவிட்டதற்கு வெட்கப்பட்டு மாதக்கணக்கில் முகத்தைக் காட்டாமல் இருந்த மனுஷன் துரைராசு. உண்மையைச் சொன்னால் இனி போன்கூடப் பண்ணமாட்டார்.

"நீ மாத்திரை வச்சதாலதான் பொழச்சுக் கெடக்கு" என்றார் வஹாப். "ஜோரா ஓடுது. எதைத் தூக்குறதுன்னு ஒரு யோசனை, அவ்வளவுதான்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

துரைராசே கட்டை அவிழ்த்தார். ஓடுகிற கம்ப்யூட்டரை இரும்புக் கடைக்குப் போகிற குவியலில் வைத்தார். குவைத்து மெஷினைத் துண்டால் துடைத்து, சுற்றி, வண்டி சீட்டில் உட்கார வைத்தார். வஹாப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருச்சியில் பேரப் பிள்ளைகள் அதை இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மகளும் மருமகனும் வேலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் ஃபிளாட்டில் சத்தமே இருக்காது. நடவு முடிந்த ஒரு மத்தியானம் துரைராசு போன் பண்ணினார். தண்ணீர் லேட்டாக வந்தது, தோப்பு வாங்கியவன் கொட்டகையை இடித்துவிட்டான் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"மெஷின் ஓடுதா பாய்?"

"ஓடுது."

"இன்னிக்கு என்ன அடிச்சீங்க?"

வஹாப் வாஷிங் மெஷின் பக்கத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். குவைத்து மெஷின் மேல் யாரோ துவைத்த துணியை மடித்து வைத்திருந்தார்கள்.

"உன் பேரைத்தான்."

"அரபியிலயா, இங்கிலீஷ்லயா?"

"ரெண்டுலயும்" என்றார்.