போசியில் கரைந்த பெயர்

வேலந்தாவளத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தி, ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பினார், எழும்பியவர் இறங்கவில்லை. அன்றைக்குத் தேங்காய் விலையும் ஏறியிருந்தது, ஆகவே ஊர் இரண்டையும் சேர்த்தே பேசிற்று. ஆஸ்பத்திரியில் எடை மெஷின்மேல் நிற்கச் சொன்னார்கள். நின்றார், முள் அசையவில்லை. பிரஷரும் சர்க்கரையும் பார்த்த டாக்டர், 'குழப்பமில்ல' என்று மலையாளத்தில் தைரியம் சொல்லி, எதற்கும் உப்பைக் குறைக்கச் சொன்னார். பாதி சரியாகத்தான் சொன்னார். காரணம் உப்புதான், ஆனால் அது ஈஸ்வரமூர்த்தி தின்ற உப்பு அல்ல, அவருடைய தங்கை சாந்தம்மாளின் வீட்டுக்காரர் பூபதிராஜா வாளியில் கரைத்த உப்பு.

பூபதிராஜாவைக் கெட்டவர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் கடலையும் தென்னையுமாக ஒழுங்காக வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், கொரோனா அடைப்பில் போனில் ஒரு வீடியோ பார்த்தார். தண்ணீருக்குள் கரண்டு விட்டால் ஹைட்ரஜன் வரும், ஹைட்ரஜனில் அடுப்பு எரியும், காசில்லாமல் காபி குடிக்கலாம். அன்றோடு சரி. டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்தார், வாளியில் உப்புத் தண்ணீர் கலக்கினார், இரண்டு கரண்டிகளைத் தொங்கவிட்டார். குமிழி வந்தது, கூடவே வந்த நெடியில் கறிவேப்பிலை மரம் மொட்டையாயிற்று. சோறு போடச் சாந்தம்மாள் கரண்டி தேடினால், "சித்த பொறு, அதுல ஹைட்ரஜன் வந்துட்டிருக்குது" என்பார். அவள் கையால் சோறு போடப் பழகிக்கொண்டாள்.

மூன்றாவது வருஷத் தீபாவளிக்குப் பலகாரக் கூடையோடு அண்ணன் வந்தார். மச்சானிடம் வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா. சோப்புத் தண்ணீரில் குழாயை விட்டு நுரை எழுப்பி, "கிட்ட வந்து பாருங்க மச்சான்" என்று தீக்குச்சியைக் கிழித்தார் பூபதிராஜா. டப் என்று ஒரு சத்தம். புகை கலைந்தபோது ஈஸ்வரமூர்த்தியின் மீசையில் இடது பாதி இல்லை. அவர் கத்தவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "இனி இந்த ஊட்டு வாசல்ல நான் கால் வெச்சா என்னை ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். மீசை தைக்குள் முளைத்துவிட்டது. வாக்கு அப்படியே நின்றது.

அடுத்த வருஷம் சாந்தம்மாளின் மகள் தமிழ்ப்ரியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மண்டபம் எத்தனை இருந்தாலும் அந்தக் குடும்பத்தில் பெண் வீட்டு வாசலில்தான் பந்தல். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும். அப்பா அம்மா போனபின் பிறந்த வீடு என்று சாந்தம்மாளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன். அவர் இல்லாமல் மகளை மணையில் உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. போய்ப் போய்க் கேட்டாள். அண்ணனும் ஒவ்வொரு தடவையும் காபி கொடுத்து, கூடவே அழுது, "சொன்ன சொல்லை எப்படி அம்மிணி முழுங்கறது" என்று அனுப்பிவைத்தார்.

கரண்டியெல்லாம் அரித்துத் தீர்ந்ததும் பூபதிராஜா பரண்மேல் ஏறினார். அங்கே சாந்தம்மாளின் கல்யாணத்துக்கு வந்த சீர்ப் பாத்திரங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்தது. கனமான ஒரு எவர்சில்வர் போசியை இறக்கி, வாளிக்குள் முக்கி, பேட்டரியின் பிளஸ் ஒயரை மாட்டினார். 'ஈஸ்வரமூர்த்தி அன்பளிப்பு' என்று அதில் எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லை. விஞ்ஞானிக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது. முதல் எழுத்து கரைந்தபோது வேலந்தாவளத்தில் ஈஸ்வரமூர்த்தியின் செருப்புச் சத்தம் நின்றது. நடு எழுத்துகள் போனபோது மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினார், புது மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். கடைசி எழுத்து கரைந்தது அந்தப் புதன்கிழமை காலையில்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போன சாந்தம்மாள் வாளிக்குள் கிடந்த போசியைப் பார்த்தாள். 'அன்பளிப்பு' மட்டும் இருந்தது. அண்ணன் மிதப்பது இதனால்தானோ என்று, கரைந்த பெயரின் கடைசி எழுத்தை ஆணியால் அங்கே கிறுக்கிவிட்டு அண்ணிக்குப் போன் போட்டாள். இப்போதுதான் ஒரு விரற்கடை இறங்கினார் என்றாள் அண்ணி.

"ஏனுங்க, எங்கண்ணன் பேரையே கரைச்சுக் குடிச்சுட்டீங்களே."

"குடிக்கல சாந்தி, அடுப்புல எரிச்சேன்" என்றார் பூபதிராஜா. பிறகு யோசித்து, நேற்றைய காபி அதில் போட்டதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, பாத்திரக் கடையில் போய் நின்றாள். பெயர் வெட்டும் மெஷினை ஓடவிட்டுக் கடைக்காரர், "எந்தப் பேருங்க?" என்று கேட்டார். வாய் வரை வந்த பெயர் அங்கேயே நின்றது. தரையில் கால் படாதவர் வாசலில் கால் வைப்பது எப்படி? "ஒண்ணும் வேண்டாமுங்க, கல்யாணம் முடியட்டும்" என்று போசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நேரே வேலந்தாவளம் பஸ்ஸில் ஏறினாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க கால் வெக்க வேண்டாமுங்க. சும்மா வந்துட்டுப் போங்க."

ஈஸ்வரமூர்த்தி குனிந்து தன் பாதத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்ன வாக்கை வார்த்தை வார்த்தையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அதில் வரமாட்டேன் என்று எங்கேயும் இல்லை.

கார்த்திகையில் அந்தப் பக்கம் கிழக்குக் காற்று பலமாக வீசும். அவருடைய மனைவி ஸ்கூட்டரில் முன்னே போக, வண்டிக்கும் இடுப்புக்குமாகக் கட்டிய தேங்காய் நார்க் கயிற்றோடு, பட்டு வேட்டி படபடக்க, ஈஸ்வரமூர்த்தி கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார். கோலத்தின்மேல் ஒரு புள்ளி கலையாமல் வாசலைத் தாண்டினார். தமிழ்ப்ரியாவின் நெற்றியில் அவர் பட்டம் கட்டும்வரை இரண்டு பேர் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சிக்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள்; காபி சூடாக இல்லை என்பதைத் தவிர எதையும் குறை சொல்லவில்லை.

பந்தி முடிந்ததும் பூபதிராஜா கைகட்டி வந்து நின்றார். "நாளைக்கே பேரை வெட்டிக் கொண்டாந்துடறேன் மச்சான். பழையபடி இறங்கிடுவீங்க."

ஈஸ்வரமூர்த்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தங்கையைப் பார்த்தார். "அவசரமில்ல மாப்பிள்ளை" என்றார். "இறங்கிட்டா அப்பறம் நான் இங்க எப்படி வர்றது?"

சாந்தம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். இப்போது அவர் மாதம் இரண்டு தடவையாவது வந்துவிடுகிறார். கூடத்தில் ஃபேனை மட்டும் அன்றைக்குப் போடுவதில்லை.