அழிந்துபோன எண்கள்

சோச்சிமில்கோ ஊரில் இடம் இடமாக எடுத்துச் செல்லும் குழந்தை யேசு சிலை எங்கள் ஆய்வகத்துக்கு எழுந்தருளும் நாள். துப்புரவு செய்யும் ஓத்திலியா, பல்லி போன்ற நீர்வாழ் உயிரிகளான அக்சோலோட்டல்கள் தொட்டிக்கு ஒன்றாக நீந்தும் ஆறு தொட்டிகளையும் பளபளவென்று தேய்த்து, நான் எழுதியிருந்த எண்களையும் அழித்துவிட்டாள்.

"அடிப்பாவி! நான் முதுகுத்தண்டை வெட்டினது எது, வெட்டாதது எது? ரெண்டு மாச வேலை போச்சே!"

"சாமி வர்ற இடம் அழுக்கா இருக்கலாமா, டாக்டரம்மா? வெட்டுப்பட்டது பாத்தாலே தெரியாதா?"

பதினொரு வருடமாக என் கால்களாக இருக்கும் சக்கர நாற்காலியைத் தொட்டி தொட்டியாக உருட்டிப் பார்த்தேன். வெட்டிய அன்று மூன்று, வாலும் பின்னங்கால்களும் அசையாமல் கிடந்தன. இன்று ஆறும் ஒரே மாதிரி வாலை வீசி நீந்தின.

"தெரியலையே, ஓத்திலியா! தெரியவே இல்லையே!" என்று கத்தினேன்.

அவள் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.