கேப்டனின் மணிக்கட்டில் வளர்ந்த ரிப்பன்

கேப்டனின் வலது மணிக்கட்டிலிருந்து தினமும் காலையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன் வளர்ந்தது. நகம் வெட்டுவதுபோல அதை வெட்டிவிட்டு, முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டு அவர் விமானம் ஓட்டப் போவார். பதினோரு வருடம் இப்படித்தான் போனது. ரத்தம் வராததால் மருத்துவர்களும் பறக்கத் தகுதியானவர் என்றே எழுதினார்கள்.

நிற்கும் விமானத்தில், காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்க்குள் பூச்சி புகாதிருக்க உறை மாட்டுவார்கள். கழற்ற மறக்காதிருக்க அதில் சிவப்பு ரிப்பன் தொங்கும். பதினோரு வருடத்துக்கு முன், மழை கொட்டிய ஒரு காலையில் மெக்கானிக் அதை மறந்தார். புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டிய கேப்டன், நனைய மனமில்லாமல், இருக்கையிலிருந்தே, பார்த்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார். தரையை விட்டு எழுந்த பிறகுதான் வேகமுள் அசையாததைக் கண்டார். நூற்றிருபது பேரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். விசாரணையில், "சுத்திப் பாத்தேன், அப்ப உறை இல்லை" என்றார். அப்படியானால் பிறகு மெக்கானிக்தான் மாட்டியிருக்கிறார் என்று முடிவானது. மறந்துவிட்டதாக உண்மையைச் சொன்னவர், பொய்யர் என்று வேலையை இழந்தார். மறுநாள்தான் கேப்டனின் மணிக்கட்டில் முதல் ரிப்பன் முளைத்தது.

நிறுவனம் கேப்டனைப் பாதுகாப்புப் பயிற்சிக்குத் தலைவராக்கியது. வகுப்பு எடுத்த மறுநாள் ரிப்பன் இரண்டு சாண் வரும். "நேத்து ரொம்ப நல்லாப் பேசினீங்க போல," என்பார் மனைவி, கத்தரிக்கோலை நீட்டியபடி. முப்பது வருடம் விபத்தின்றிப் பறந்ததற்குப் பதக்கம் கொடுத்தபோது ரிப்பன் மேடையிலேயே சட்டைக் கையிலிருந்து வழிந்து முதல் வரிசை வரை போனது. விழா அலங்காரம் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கேப்டனால் தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் மெக்கானிக்கின் மின்விசிறி பழுதுபார்க்கும் கடைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"மழை, அதான் பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்," என்றார் மெக்கானிக், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கும் அதே மழைதான்."

அன்றே கேப்டன் விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய உரிமம் போனது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பழைய வேலையைக் கொடுத்தார்கள். ரிப்பன் மட்டும் நிற்கவில்லை. திங்கட்கிழமைதோறும் மெக்கானிக் வந்து வாரத்துக்கு வேண்டியதை அளந்து வெட்டிப் போகிறார். அது நனைந்தாலும் சாயம் போவதில்லை என்பதால், விமான நிலையத்தில் உறைகளுக்கு வேறு ரிப்பன் வாங்குவதில்லை.